பழுது மேசை – 17: ‘பார்மட் செய்யவா?’

எவர்சில்வர் டிபன் டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார் அந்த அக்கா. சோறில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, அதற்கும் மேலே பழந்துணி சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க். கடலுக்குப் போகிறவர்கள் செல்போனை இப்படித்தான் கட்டி எடுத்துப் போவார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பொன்னேரி வந்து, பஸ் மாறி மீஞ்சூர் வந்திருந்தார்கள். கூடவே ஒரு பையன், அவன் தோளில் லேப்டாப் பை.

“பொண்ணு கல்யாண வீடியோ, தம்பி. ஸ்டூடியோக்காரர் இதுல போட்டுக் குடுத்தாரு. வீட்ல ஓடவே மாட்டேங்குது. ஒரு கடையில டிஸ்க்கே போச்சுன்னுட்டாங்க.”

பையன் குறுக்கிட்டான். “மாமா வீட்டு கம்ப்யூட்டர்ல பார்மட் பண்ணவான்னு கேட்டுச்சுண்ணா.”

“இவன் ‘யெஸ்’ குத்தப் போனான். நான்தான் கையத் தட்டி விட்டேன்.”

அந்த ஒரு தட்டுக்காகவே அக்காவுக்கு டீ சொன்னேன்.

போன வாரம் தண்ணீரில் விழுந்த போனைப் பார்த்தோம். அங்கே அவசரம் காட்ட வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் அவசரம் ஆகாது. ‘டிடெக்ட் ஆகல’ என்று என் மேசைக்கு வரும் டிஸ்க்குகளில் நிஜமாகவே செத்துப்போனவை குறைவு. ஒயரில் கோளாறு, அல்லது கரண்டு பத்தவில்லை, அல்லது கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்க்கின் பாஷை தெரியவில்லை. இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். அக்காவின் டிஸ்க்குக்கு மூன்றுமே இருந்தன.

முதலில் ஒயர். டிஸ்க்கோடு வந்த அகலமூக்கு ஒயர் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தொலைந்துவிட்டது. பையன் கெட்டிக்காரன், பழைய போன் சார்ஜர் ஒயரை எடுத்து, அந்த அகலத் துவாரத்தின் ஒரு பாதியில் செருகியிருக்கிறான். செருகலாம், வேலையும் செய்யும், ஒயருக்குள் நாலு கம்பி இருந்தால். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜர் ஒயர்கள் சிலவற்றில் கரண்டுக்கான இரண்டு மட்டும்தான் உண்டு. விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது. இவர்கள் கொண்டுவந்தது அந்த ரகம்.

என் டிராயரிலிருந்து சரியான ஒயரை எடுத்து, முதலில் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். மெல்லிய ரீங்காரம், அப்புறம் திரையில் டிஸ்க். 1 டிபி, அதில் 180 ஜிபி நிறைந்திருந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது. அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்னேன், “ஒண்ணும் ஆகல.”

“அப்ப வீட்ல ஏன் ஓடல?”

நியாயமான கேள்வி. பையன் லேப்டாப்பை வெளியே எடுத்தான். அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூத்தவன் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதாம். மூடியில் அன்றைய முதல்வர் படம் தேய்ந்துபோயிருந்தது. விண்டோஸ் 7-ம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்த மாடல். விண்டோஸ் பக்கம் எப்போதோ வைரஸில் படுத்துவிட்டது. லினக்ஸ் மட்டும் இன்னும் மூச்சு விடுகிறது.

நல்ல ஒயரோடு அதில் மாட்டினேன். டிக்... டிக்... டிக்... விளக்கு அணைந்தது. மறுபடி டிக்.

இந்தச் சத்தம் கேட்டால் எனக்கே வயிற்றைப் பிசையும். போதுமான கரண்டு கிடைத்தும் டிக்கென்றால் பெரும்பாலும் உள்ளே தகவலைப் படிக்கும் ஹெட் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிமிஷமே கழற்றிவிட வேண்டும். ஆனால் இதே டிஸ்க் என் கம்ப்யூட்டரில் அமைதியாக ஓடியது. அப்படியானால் கரண்டு. பழைய யுஎஸ்பி 2.0 துவாரம் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில்தான் டிஸ்க்குக்குப் பசி அதிகம். வண்டியை முதல் கியரில் மேட்டில் ஏற்றுகிற மாதிரி. அதோடு டார்ச் அடித்து லேப்டாப்பின் துவாரத்துக்குள் பார்த்தேன். நான்கு பட்டைகளில் இரண்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வீடு, காற்றிலேயே உப்பு. மீஞ்சூர் ஆலை 2010-ல் வந்தபோது, கடல்நீரை உப்பு நீக்கி ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் அதற்கு. நானோ ஐபிஏவில் (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) நனைத்த பிரஷ்ஷோடு நாலு பட்டை உப்பை எடுக்கக் கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். காயவைத்து, இரட்டை வால் ஒயர் போட்டேன். இரண்டு துவாரங்களிலிருந்தும் கரண்டு எடுக்கும் ஒயர் அது. டிக் சத்தம் நின்று ரீங்காரம் வந்தது.

திரையில் மட்டும் ஒரு வரி: இந்த ஃபைல் சிஸ்டம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது கோளாறு, பாஷை. கல்யாண வீடியோவில் ஒரே ஃபைல் 11 ஜிபி இருந்தது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் ஸ்டூடியோக்காரர்கள் எக்ஸ்ஃபேட்டில் போட்டுத் தருகிறார்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த முறை அது. அதன் விவரங்களை ஊரறிய வெளியிட்டதோ 2019-ல். அதற்குப் பிறகுதான் லினக்ஸின் மூலக் கருவுக்குள் அது நுழைந்தது. இந்த லேப்டாப் அதற்கெல்லாம் வெகு முந்தியது. மாமா வீட்டில் வேறு ஒயரில் மாட்டியதால் டிஸ்க் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த டெஸ்க்டாப் விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்ஃபேட்டைப் புரிந்துகொள்ள எக்ஸ்பிக்கு 2009-ல் தனியாக ஒரு அப்டேட் விட்டார்கள்; அதைத் தேடிப் போட்டவர் யார்?

லினக்ஸ் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எக்ஸ்பி அப்படியில்லை. தனக்குப் படிக்கத் தெரியாத டிஸ்க்கைப் பார்த்து ‘இது பார்மட் ஆகவில்லை, செய்யவா’ என்று கேட்கிறது. தெலுங்குப் பத்திரத்தைப் பார்த்து, வெற்றுத்தாள் என்று கிழிக்கப் போகிற குமாஸ்தா போல.

டீ ஆறிக்கொண்டிருந்தது. “அண்ணா, இதே லேப்டாப்ல ஓட வைக்க முடியாதா? ஆயாவால இங்கல்லாம் வர முடியாது, வீட்லதான் பாக்கணும்.”

முடியும். 180 ஜிபியையும் கடைக் கம்ப்யூட்டருக்கு இறக்கினேன். அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் இருவரும் பஜார் போய்க் காய்கறி வாங்கி வந்தார்கள். ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் ஒப்பிட்டேன். அந்த 11 ஜிபி ஃபைலைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு டிஸ்க்கின்மேல் வலது கிளிக் செய்து ‘பார்மட்’ அழுத்தினேன்.

பையன் எழுந்தேவிட்டான். “அண்ணா! பார்மட் குத்துறீங்க!”

“இப்ப குத்தலாம். எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள ஒரு காப்பி இருக்கு.”

அக்காவுக்கு அது சமாதானமாகவில்லை. டிஸ்க்கில் மறுபடி வீடியோ ஏறி முடிகிறவரை முந்தானையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்த முறை என்டிஎஃப்எஸ். அது அந்த பாஸ் லினக்ஸுக்கும் தெரியும், மாமா வீட்டு எக்ஸ்பிக்கும் தெரியும். 1 டிபி டிஸ்க் என்பதால் எக்ஸ்பியில் வேறு வம்பு இல்லை. 2 டிபியைத் தாண்டிய டிஸ்க் என்றால் எக்ஸ்பியின் பழைய கணக்கில் அதற்கு மேல் எண்ணவே முடியாது. அந்தக் கதை தனி.

லேப்டாப்பில் மாட்டினேன். மேளச் சத்தம். ஸ்பீக்கர் ஒன்று போய்விட்டதால் நாதஸ்வரம் சன்னமாகத்தான் கேட்டது. அக்கா குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

கிளம்பும்போது புது ஒயரையும் டிஸ்க்கையும் டப்பாவில் வைத்தேன். அந்தச் சார்ஜர் ஒயரைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். பையன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

“போன் சார்ஜ் ஏறும்ல, அண்ணா.”

(தொடரும்)