ட்ர்ர்ர்... துளை போடும் முன் ஒரு நிமிஷம்!

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது என்பதைச் சேவல் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் 'ட்ர்ர்ர்ர்...' என்று அலறும் டிரில்லிங் மெஷின்தான் சொல்கிறது. வாரம் முழுக்க ஷிப்ட், ஓவர்டைம் என்று ஓடுகிறவர்களுக்கு ஷெல்ஃப் மாட்ட, சாமி படம் மாட்ட, டி.வி. ஸ்டாண்டு அடிக்க வேறு நாள் ஏது? சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓட்டை!

'பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். கணக்கில் ஓட்டை விழுந்தால் ஆடிட்டரைப் பிடித்து அடைத்துவிடலாம். உள்ளங்கையில் விழுந்தால் எந்த ஆடிட்டரைப் பிடிப்பது?

எனக்குப் பாடம் எடுத்தவர் எங்கள் ஏரியா எலக்ட்ரீசியன் அண்ணன். பனியன் கம்பெனிகளில் ஒயரிங் பார்த்தே தலை நரைத்தவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிஷன். "பேரு போட்டீங்கன்னா ஊரே ஓசியில யோசனை கேக்குமுங்க தம்பி!"

முதலில் கொஞ்சம் சரித்திரம். மின்சாரத்தில் ஓடும் துளைக் கருவிக்கு 1889-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் காப்புரிமை வாங்கினார்கள். கையில் தூக்கிப் போகிற டிரில்லை 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் கம்பெனி செய்தது. துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வைத்து, அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. துப்பாக்கி போலவே இருப்பதால், துப்பாக்கிக்கான மரியாதையையும் கொடுத்துவிடுவது நல்லது.

பிளக்கில் ஆரம்பிக்கிறது பத்திரம்

மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத, இரும்பு உடம்புக்காரப் பழைய மெஷின் என்றால் மூன்று முள் பிளக்கும், சுவரில் உயிருள்ள எர்த்தும் கட்டாயம். 'சாக்கெட்டில் நுழையவில்லை' என்று எர்த் முள்ளை ஒடிக்கிற மகானுபாவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிளக்கே இல்லாமல் ஒயரின் இரண்டு முனைகளையும் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிறவர்களும் உண்டு. அந்தத் தீக்குச்சி எந்த நேரமும் பற்றலாம்!

"ஃபியூஸ் இருக்குதுல்லங்கண்ணா?" என்று கேட்டேன்.

"ஃபியூஸ் ஒயரக் காப்பாத்துறதுக்குங்க தம்பி, ஆளக் காப்பாத்துறதுக்கு இல்ல" என்றார்.

உண்மைதான். 5 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்கு 5 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் மனித உடம்பில் அதில் நூறில் ஒரு பங்கு ஓடினாலே ஆபத்து. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற காவலாளி மெயின் போர்டில் இருக்க வேண்டும். வாடகை வீடா? ஓனரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் கேட்கும்போது அவர் கூச்சப்பட்டாரா என்ன?

எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளில் வருவதாக இருந்தால் முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும். ஒயர் வெடித்திருந்தால் இன்சுலேஷன் டேப் வைத்தியம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பிட் மாட்டும் படலம்

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பிட் மாட்ட வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. சக்கின் மூன்று தாடைக்கும் நடுவில் பிட் நேராக உட்கார வேண்டும். சக் கீயை ஒரே துளையில் மட்டும் திருகாமல், மூன்று துளையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். முடிந்ததும் சக் கீயை எடுத்துவிடுங்கள். மறந்து ஸ்விட்சை அமுக்கினால் அது அறைக்குள் எந்தப் பக்கம் பறக்கும் என்று ஜோசியர்கூடச் சொல்ல முடியாது.

சுவருக்கு நுனியில் கார்பைடு வைத்த பிட், இரும்புக்கு எச்.எஸ்.எஸ். பிட். கான்கிரீட்டுக்கு ஹேமர் விசையைப் போடலாம். டைல்ஸுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் போடாதீர்கள். டைல் கீறும், பிளாக் உள்பக்கமாகப் பொரிந்து விழும். 6 மில்லி மீட்டர் ரால் பிளக்குக்கு 6 மில்லி மீட்டர் பிட்.

இன்னொன்று: விசையை அழுத்தியபடியே பூட்டும் பொத்தான் பக்கவாட்டில் இருக்கும். அது பூட்டியிருக்கும்போது கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் வரும்... மெஷின் தானே எழுந்து ஆடும்! குழந்தை பக்கத்தில் இருந்தால்? கரண்ட் போனதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

ஐந்து மீட்டர் துணி!

சிறிய டிரில்கள் பல, நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றும். விநாடிக்கு 40 என்று வையுங்கள். சக்கின் விட்டம் 4 சென்டி மீட்டர் என்றால், ஒரு விநாடியில் சுமார் 5 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா? தோள் துண்டு, தொங்கும் சட்டை முனை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி, கைச்சங்கிலி எல்லாம் ஒதுங்க வேண்டும். துணிக் கையுறையும் வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் மாட்டுகிறோம். ஆனால் நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். சீலிங்கில் துளை போடும்போது தூள் நேராகக் கண்ணில்தான் இறங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஆவது சில நூறு ரூபாய். காமர்ஸ்காரன் கணக்கில், இதைவிட லாபமான முதலீடு கிடையாது.

சுவருக்குள் யார்?

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். பக்கவாட்டிலும் ஓடலாம். குழாய்க்கு மேலேயும் அதே கதை. அந்தப் பக்கம் துளைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் மெயினை ஆஃப் செய்து, பேட்டரி டிரில் இரவல் வாங்குங்கள்.

குறி வைத்த இடத்தில் ஆணியால் சின்னப் பள்ளம் போட்டால் பிட் வழுக்காது. டைல்ஸ் என்றால் டேப் ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். பிட் சுவரில் சிக்கிக்கொண்டால் மெஷின் சுற்றாது. பிடித்திருக்கும் மணிக்கட்டுதான் சுற்றும்! பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாமல், ஆடாத ஏணியில் நில்லுங்கள். இரும்புத் தகட்டில் துளை போடுகிறவர்கள் தகட்டைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் தகடு காற்றாடியாகச் சுற்றி விரலைப் பதம் பார்த்துவிடும்.

பஞ்சும் நெருப்பும்

இது நம் ஊருக்கென்றே உள்ள பாடம். டிரில்லுக்குள் இருக்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறக்கும். காற்றுத் துவாரம் வழியே பார்த்தால் நீல நிறத்தில் தெரியும். மெஷினைக் குளிர வைக்க உள்ளே இருக்கும் விசிறி, வெளிக்காற்றை இழுக்கும். நிட்டிங், கட்டிங் நடக்கிற கூடத்தில் அந்தக் காற்றில் என்ன இருக்கும்? பஞ்சு!

"துவாரத்துல பஞ்சு அடைச்சு மெஷின் புகையறத எத்தனை தடவ பார்த்திருக்கேன் தெரியுங்களா? அப்பவும், 'ஒரே ஒரு ஓட்டைதானுங்கண்ணா'ம்பாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன்.

கம்பெனிக்குள் துளை போடுவதற்கு முன் அந்த இடத்தைக் கூட்டுங்கள். வேஸ்ட் துணி மூட்டையை நகர்த்துங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துவாரத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பொறி வழக்கத்தைவிட அதிகமா? கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றச் சொல்கிறது.

அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "இத்தனையும் பார்த்தா, ஒரு ஓட்டைக்கு எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிசமுங்க. பாக்காமப் போட்டா ஒரு நிமிசந்தான். மிச்சம் ஒம்பது நிமிசத்த வெச்சு ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிக்கலாமுங்க!"