எலுமிச்சைக்கு ஈடுகொடுக்கும் ஒயின்

தணலில் சுட்ட ஆக்டோபஸ், மேலே ஆலிவ் எண்ணெய், தட்டின் ஓரத்தில் பாதி எலுமிச்சை. கிரேக்கத்தின் சாண்டோரினி தீவில் இந்தத் தட்டுக்குப் பொருத்தமான துணை, அங்கேயே விளையும் அசிர்டிகோ என்ற திராட்சையின் வெள்ளை ஒயின். அதை வெறுமனே ஒரு மிடறு குடித்தால் பல் கூசும். எலுமிச்சை பிழிந்த ஒரு துண்டைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தால், அதே ஒயினில் புளிப்பு அடங்கிப் பழச்சுவை மேலே வரும்.

ஜிலேபி தின்ற வாய்க்கு டீ சப்பென்று இருக்கிறதல்லவா? அதே கதைதான். நாக்கு எந்தச் சுவையையும் முன்னால் தின்றதோடு ஒப்பிட்டே உணர்கிறது. புளிப்பான உணவுக்குப் பின் புளிப்புக் குறைந்த ஒயினைக் குடித்தால் அது தண்ணீராகத் தெரியும். ஆகவே முதல் விதி: உணவில் எவ்வளவு புளிப்போ, ஒயினில் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வெயில் ஏற ஏறத் திராட்சையில் இனிப்புக் கூடி, புளிப்புக் குறைவது வழக்கம். அசிர்டிகோ கொளுத்தும் வெயிலிலும் புளிப்பை விடாது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும்தான் சாண்டோரினியின் மண். மழை மிகக் குறைவு. இரவில் கடலிலிருந்து வரும் ஈரம் கொடிகளுக்குக் கைகொடுக்கிறது. காற்று பலமாக வீசுவதால் பந்தல் போடுவதில்லை. கொடியைத் தரையோடு தரையாகக் கூடைபோல் வளைத்துப் பின்னுகிறார்கள். இதற்கு ‘குலூரா’ என்று பெயர். குலைகள் கூடைக்குள் பத்திரமாகப் பழுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி இந்த மண்ணில் பிழைக்க முடியாததால், இங்குள்ள கொடிகள் இன்றும் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

இனி மற்றத் தட்டுகள். சிறு தக்காளியை அரிந்து மாவும் புதினாவும் சேர்த்துப் பொரிக்கும் வடை இந்தத் தீவின் பெயர்பெற்ற பண்டம். தக்காளியின் புளிப்புக்கு ஒயின் ஈடுகொடுக்கும். வாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் அறுத்துவிடும். ‘ஃபாவா’ என்பது மஞ்சள் பருப்பை மசித்து, பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பது. தனியே தின்றால் மந்தமாக இருக்கும் அதற்கு இந்த ஒயின்தான் சுறுசுறுப்பு. உப்புக் கரிக்கும் ஃபெட்டா சீஸும் சேரும், ஏனென்றால் உப்பு, ஒயினின் புளிப்பை மட்டுப்படுத்தும்.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஏன் ஆவதில்லை? சில சிவப்பு ஒயின்களில் இரும்புச் சத்து அதிகம். அது மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் கவிச்சி தங்கும். துவர்ப்பு மிகுந்த ஒயினுக்குக் கொழுப்புள்ள ஆட்டிறைச்சியே ஜோடி.

காரம் தூக்கலான உணவுக்கு அசிர்டிகோவைப் பரிந்துரைக்க மாட்டேன். இதில் ஆல்கஹால் 13 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்; ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். இனிப்புக்கும் ஆகாது. அதற்கென்றே அதே தீவில் ‘வின்சாண்டோ’ இருக்கிறது. பறித்த திராட்சையை வெயிலில் உலர்த்திச் செய்யும் இந்த ஒயின், பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் பழுத்து உலர்திராட்சை மணத்தோடு வரும். பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி.

அசிர்டிகோவை 10 முதல் 12 டிகிரியில் பரிமாறினால் போதும். அதைவிடக் குளிரவைத்தால் மணம் எழும்பாது. அசிர்டிகோ கிடைக்காத ஊரில் புளிப்புத் தூக்கலான வேறொரு வெள்ளை ஒயினைக் கேளுங்கள். எலுமிச்சை பிழிந்த மீனுக்கு அதுவும் போதும்.