சுரண்டிய நஞ்சு எங்கே போகிறது?

கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். ஒட்டாதிருக்க நஞ்சு கலந்த பெயின்ட் அடிக்கிறார்கள். அதையும் மீறி ஒட்டியதைச் சுரண்டுகிறார்கள். சுரண்டும்போது பெயின்டும் சேர்ந்து உதிர்கிறது. அது விழும் தண்ணீரில்தான் நத்தையும் சிப்பியும் இனம் பெருக்கியாக வேண்டும்.

பிரான்சின் அர்க்கசோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. 1970-களின் கடைசியில் அங்கே ஆண்டுக்கணக்கில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடும் தடித்து, அறை அறையாகப் பிரிந்து, சந்தைக்கு ஆகாமல் போனது. பெயின்டில் இருந்த டிரைபியூட்டைல்டின்தான் காரணம். 1982-ல் சிறு படகுகளுக்கு அதைப் பிரான்ஸ் தடை செய்தது; சிப்பிகள் மெல்லத் தேறின.

டாக்வெல்க் என்ற கடல்நத்தைக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை 1970-லேயே கவனித்தார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு டிரைபியூட்டைல்டின் போதும், இந்த மாற்றம் தொடங்கிவிடும். முற்றினால் முட்டை வெளியேறும் வழி அடைபடும். முட்டைகள் உள்ளேயே தேங்கி, தாய் நத்தை செத்துப்போகும். இதன் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுவதில்லை. பிறந்த பாறையிலேயே ஊர்ந்து வளர்கின்றன. ஆகவே ஒரு கரையில் அழிந்துவிட்டால், அங்கே மறுபடி குடியேறப் பல காலம் ஆகும். கோவாவின் மர்மகோவா துறைமுகப் பகுதி நத்தைகளிலும் இதே மாற்றம் 1999-ல் பதிவானது.

டிரைபியூட்டைல்டினைத் தடை செய்ய 2001-ல் உலக உடன்படிக்கை வந்தது, 2008-ல் அமலுக்கும் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டாமல், மேலே வேறொரு பூச்சால் மூடி வைக்கவும் அந்த உடன்படிக்கை அனுமதித்தது. கப்பல் பட்டறைகளை ஒட்டிய சேற்றில் புதைந்த துணுக்குகளில் இந்த நஞ்சு பல்லாண்டுகள் தங்கும், தூர்வாரும்போது கிளம்பும்.

அதன் இடத்துக்கு வந்ததும் சாதுவல்ல. இன்றைய பெயின்டில் தாமிரம்தான் முக்கிய நஞ்சு. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவிலேயே மட்டிக் கருக்கள் உருக்குலைகின்றன. துணை நஞ்சாகச் சேர்த்த சைபுட்ரினுக்கு 2023-ல்தான் தடை வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் அடியில் முக்குளிப்போர் சுழல் பிரஷ்ஷால் தேய்க்கும்போது தாமிரத்தூள் மேகம்போல் கிளம்புகிறது. உதிர்வதை உறிஞ்சி வடிகட்டும் கருவிகள் இருக்கின்றன. எல்லாத் துறைமுகமும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

சுத்தம் செய்யாவிட்டால் அயல் உயிர்கள் ஒட்டிக்கொண்டு வரும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்ற அயல் மட்டி படுத்தும் பாட்டைப் பார்த்தால் அதில் உண்மை உண்டு. சுத்தம் செய்யட்டும், உதிர்வதைப் பிடிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மீன் செத்து மிதந்தால் ஊரே திரளும். முட்டையிட முடியாமல் நத்தை சாவது யார் கண்ணிலும் படாது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் நத்தைகளைப் பிடித்து இந்த மாற்றத்தை முறையாகக் கணக்கெடுக்கின்றன. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஓட்டை உடைத்து, உருப்பெருக்கியில் பார்க்கத் தெரிந்த ஆள் போதும். கப்பல் பழுதுபார்க்கும் நம் துறைமுகங்கள் ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் அந்தக் கணக்கை எடுத்து, மீனவர்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும்.