எடுபிடிப் பையன் போட்ட மெட்டு

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோ இருந்தது என்றால், என்னிடம் கீபோர்டு படிக்க வரும் பிள்ளைகள் நம்புவதில்லை. சென்ட்ரல் ஸ்டுடியோ என்று பெயர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன ‘ராஜகுமாரி’ (1947) இங்கேதான் உருவானது. எடுத்தது ஜூபிடர் பிக்சர்ஸ், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அவருடைய இசைக்குழுவில் எடுபிடி வேலைக்கு ஒரு மலையாளத்துப் பையன் இருந்தான். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவன். பெயர் விஸ்வநாதன்.

எம்.எஸ்.விஸ்வநாதன் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ஹிட் பாடல்களிலிருந்து தொடங்குவார்கள். நான் ஆர்மோனிய வாத்தியார்; எனக்கு அவர் டம்ளர் தூக்கிய வருஷங்கள்தான் முக்கியம்.

நாலு வயதில் அப்பா போய்விட்டார். கண்ணூரில் தாத்தா வளர்த்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு, 13 வயதில் மேடையேறினார். பாட்டு தெரிந்த பையன்கள் நிறையப் பேர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ராகம் தெரிந்தால் பாடலாம்; மெட்டுப் போடுவது வேறு வேலை. அதைப் பள்ளிக்கூடம் வைத்து யாரும் அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் போடும்போது பக்கத்தில் இருந்தால் உண்டு.

ஆர்மோனியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. வீணையில் தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே போக வழியில்லை. கமகம் வராது. அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளிவைத்தது. முப்பது வருஷம் உள்ளே விடவில்லை. சினிமாவிலோ அன்று அதுதான் ராஜா. காரணம் எளிது. இடது கை துருத்திக்கு, வலது கை கட்டைக்கு, வாய் சும்மா இருக்கிறது. வாசித்துக்கொண்டே பாடலாம். எதிரே டைரக்டர் காட்சியைச் சொல்கிறார், கவிஞர் வெற்றிலையோடு உட்கார்ந்திருக்கிறார். பெட்டி ஸ்வரத்தை நேர்கோடாகப் பிடித்துக்கொள்ள, நெளிவு சுளிவையெல்லாம் குரல் பார்த்துக்கொள்ளும். வெறும் கட்டையில் வாசித்தாலே நிற்கிற மெட்டு, பாடகர் வாயில் போனால் பறக்கும். எம்.எஸ்.வி.யின் மெல்லிசையை எந்தப் பிள்ளையும் முணுமுணுக்க முடிகிறதே, அதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சந்தேகமிருந்தால் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு அவருடையது. மோகனம், ஐந்தே ஸ்வரம். 1970இல் அரசு அதை ஏற்றதிலிருந்து, பாட்டே வராத பிள்ளைகளும் தினமும் பாடுகிறார்கள்.

நாயுடுவிடம் நடந்ததை எம்.எஸ்.வி. பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘அபிமன்யு’ (1948) படத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு அமையவில்லை. பெரியவர் இல்லாத நேரம் பையன் ஆர்மோனியத்தில் கைவைத்து ஒன்று பாடிக்கொண்டிருக்க, அவர் கேட்டுவிட்டார். திட்டவில்லை. அந்த மெட்டையே வைத்துக்கொண்டார்; யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். எடுபிடிப் பையன் போட்டதென்றால் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். பிறகு ஜூபிடர் கோவையை விட்டுக் கிளம்பியபோது, முதலாளி சோமுவிடம் உண்மையைச் சொல்லி, இவனைச் சென்னைக்கு அழைத்துப் போங்கள் என்று கேட்டவரும் அதே நாயுடுதான். பெரியவர் செய்தது சரியா என்று என் மாணவர்கள் சண்டை போடுவார்கள். பையனுக்கு அன்று கிடைத்தது பெயரில்லை, பரீட்சை. அதில் தேறிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சென்னையில் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். வயலினில் டி.கே.ராமமூர்த்தி. சுப்பராமன் சின்ன வயதுக்காரர். நம் ராகத்தோடு மேல்நாட்டுத் தாளக்கட்டைக் கூசாமல் சேர்ப்பவர். 1952இல் திடீரென்று காலமாகிவிட்டார். ‘தேவதாஸ்’ உட்படப் பாதியில் நின்ற படங்களை இந்த இரண்டு வாத்தியக்காரர்களும் முடித்துக்கொடுத்தார்கள். குருவின் பாணியில், குருவின் பெயர் கெடாமல், கெடு தேதிக்குள். அதைவிடக் கடினமான பாடம் இருக்கிறதா, தெரியவில்லை. அதே வருஷம் ‘பணம்’ படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இருவரையும் ஜோடி சேர்த்தார். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். ஆனாலும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்று இளையவர் பெயர்தான் முன்னால் நின்றது. 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரியும்வரை அந்த வரிசை மாறவில்லை.

இந்தக் கதை அவரோடு முடியவில்லை. எம்.எஸ்.வி.யிடம் உதவியாளராக இருந்தவர் ஜி.கே.வெங்கடேஷ். அவர் கன்னடத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆனபிறகு, அவரிடம் கிடாரோடு வந்து சேர்ந்தவர் பண்ணைப்புரத்து ராசய்யா, பின்னாளில் இளையராஜா. ‘அன்னக்கிளி’ 1976இல் வருவதற்கு முன்பு இளையராஜா எத்தனையோ படங்களுக்கு வெங்கடேஷின் உதவியாளராக உழைத்திருக்கிறார். அந்த இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த பையன் 1992இல் ‘ரோஜா’வோடு வந்தார். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு அப்பா ஆர்.கே.சேகர் விட்டுப்போன வாத்தியங்கள் இருந்தன, தன்ராஜ் மாஸ்டரின் பாடம் இருந்தது. அவரும் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துத்தான் வளர்ந்தார்.

ஆகவே பெற்றோர்கள் வந்து, “எட்டாவது கிரேடு முடிச்சா பையன் சினிமாவுக்கு மியூசிக் போட்ரலாமுங்களா மாஸ்டர்?” என்று கேட்டால் நான் கிரேடைப் பற்றிப் பேசுவதில்லை. கிரேடு பரீட்சைக்கு மூன்று உருப்படியை மாதக்கணக்கில் தேய்க்கிறார்கள். நல்லதுதான், விரல் பழகும். லேப்டாப்பில் வயலின், தபேலா எல்லாம் இருக்கிறது; பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. எங்கள் ஊரில் மாரியம்மன் நோன்பு வந்தால் தெருத்தெருவாக மெல்லிசைக் கச்சேரி. ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள் என்பேன். பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும். பாட்டு தொடங்க அரை நிமிஷம் இருக்கும்போது திரும்பி, “அரைக் கட்டை எறக்கிக்க தம்பி” என்பார். தபேலாக்காரர் வேகம் பிடிப்பார். மைக் போகும். அத்தனைக்கும் நடுவே எம்.எஸ்.வி. பாட்டின் இடையிசையைப் பிசகாமல் வாசிக்கவேண்டும். இரண்டு சீசன் வாசிக்கட்டும், அப்புறம் வாங்க, மெட்டைப் பற்றிப் பேசலாம்.

போன வாரம் ஒரு அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏனுங் மாஸ்டர், அதுக்குச் சர்டிபிகேட் குடுப்பாங்களா?” என்றார்.