செல்லாக்காசும் கூலிப் பேச்சும்

லாட்ஜ் என்றதும் நமக்கு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வாடகை ரூம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே பேச்சு அதைப்பற்றி அல்ல. ஃப்ரீமேசன், ஆட் ஃபெல்லோஸ் மாதிரியான சகோதர சங்கங்களின் கிளைக்கும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதே பெயர்தான். இந்தச் சங்கங்கள் தங்களுக்கென்று நாணயம் அடித்துக்கொள்கின்றன. கிளை தொடங்கி நூறாண்டு, புதுக் கட்டிடம், புதுத் தலைவர் என்று ஏதாவதொரு சாக்கு. கடையில் கொடுத்தால் டீ கூடக் கிடைக்காது. சந்தைக்கு வெளியே நின்றுகொண்டு ‘நாணயம்’ என்ற வடிவத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் ‘ராயல் ஆர்ச்’ பிரிவு மேசன்கள் அடித்த பென்னியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் செம்பு. ஒரு பக்கம் கிளையின் பெயர், எண், ஊர், சாசனம் பெற்ற ஆண்டு. மறுபக்கம் கல் வளைவின் உச்சியில் பூட்டாக உட்காரும் கல்லின் உருவம், அதில் வட்டமாக எட்டு எழுத்துகள். சாலமோன் ராஜாவிடம் கோயில் கட்ட அனுப்பப்பட்ட தீரு நகரத்து விதவை மகன் ஈராமைக் குறிக்கும் எழுத்துகள் அவை. (ரகசியம் என்பார்கள், அச்சில் வந்து ரொம்ப நாளாச்சு.) வட்டத்தின் நடுவே வெற்றிடம். உறுப்பினர் தனக்கென்று தேர்ந்துகொண்ட குறியை அங்கே பொறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறி எங்கிருந்து வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் கல்தச்சர்கள் தாங்கள் செதுக்கிய கல்லில் ஆளுக்கொரு அடையாளம் கொத்தினார்கள். எத்தனை கல், யார் வேலை, எவ்வளவு கூலி என்று கணக்குப் பார்க்க அது உதவியது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, குறி என்பது உழைப்பின் ரசீது. 18ஆம் நூற்றாண்டில் லாட்ஜுகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் உளி பிடிக்காத கனவான்கள். கருவிகள் குறியீடுகளாயின. கூலியும்கூட.

மால்கம் டங்கன் 1866இல் இந்தச் சடங்குகளை அச்சிட்டு வெளியிட்டார். அதில் குறி பெறும் படிநிலையின் சடங்கு ஒரு நாடகம் போலவே இருக்கிறது. வேலை முடிந்தவர்கள் ஒரு சன்னல் துவாரத்தில் கைநீட்டிக் கூலி வாங்குகிறார்கள். புதிதாக வந்தவன் கையை நீட்ட வேண்டிய முறை தெரியாமல் நீட்டுகிறான். ‘போலி’ என்று பிடித்துக் கையை வெட்டப்போவதாக மிரட்டுகிறார்கள். முடிவில் இன்னொரு காட்சி. நேற்று வந்தவனுக்கும் நமக்கும் ஒரே கூலியா என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். தலைவர் மத்தேயு சுவிசேஷத்தின் திராட்சைத் தோட்ட உவமையை வாசிக்கிறார். எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள். செப்புப் பென்னி அந்த ஒருநாள் கூலிதான். மூலத்தில் ரோமானிய தெனாரியம், ஆங்கில பைபிளில் பென்னி, தமிழில் ‘பணம்’.

கவனிக்க வேண்டியது இதுதான்: கூலித் தகராறு ஒன்று உள்ளே அரங்கேறுகிறது, அங்கேயே தீர்ந்தும்போகிறது. நடிப்பவர்களில் அன்றைய கூலியை நம்பி அடுப்பேற்ற வேண்டியவர் யாருமில்லை. இதே உவமையிலிருந்துதான் ரஸ்கின் 1860இல் தன் ‘கடையனுக்கும்’ கட்டுரைகளுக்குத் தலைப்பெடுத்து, அன்றைய பொருளாதாரவாதிகளை மடக்கினார். காந்தி அதை 1908இல் ‘சர்வோதயா’ என்று குஜராத்தியில் சுருக்கி எழுதினார். கடைசியில் வந்தவனுக்கும் வயிறு இருக்கிறது என்று வாசிக்க இடம்தரும் ஒரு பிரதி, லாட்ஜுக்குள் போனதும் ‘முணுமுணுக்காதே’ என்பதாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்காக எல்லாவற்றையும் வேஷம் என்று தள்ளிவிட முடியாது. குறியை அடகுவைத்து சகோதரனிடம் கைமாற்று வாங்கலாம் என்ற விதி அதே சடங்கிலேயே இருக்கிறது. மீட்காமல் மறுபடி அடகுவைக்கக் கூடாது. ஆட் ஃபெல்லோஸ் சங்கத்தார் நோயாளி உறுப்பினருக்கு உதவித்தொகை கொடுத்தார்கள், செத்தால் அடக்கம் பண்ணினார்கள். அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் யார் சகோதரன்? நாணயத்தில் பொறித்த சாசன ஆண்டு அலங்காரமல்ல, நம்மூர்ச் செப்பேடு மாதிரி ஓர் உரிமைக் கோரல். அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. 1775இல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹாலும் வேறு 14 சுதந்திரக் கறுப்பர்களும் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஒரு லாட்ஜில் உறுப்பினரானார்கள். 1784இல் இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜே அவர்களுக்குச் சாசனம் கொடுத்தது. இருந்தும் அமெரிக்க வெள்ளையர் லாட்ஜுகள் அந்த மரபை முறையற்றது என்று ஒதுக்கிவைத்தன. கனெக்டிகட் மாநிலம் அங்கீகரித்து அந்த ஒதுக்கலை உடைத்தது 1989இல்.

இதற்கு நேரெதிராக இன்னொரு உலோகச் சாட்சி. 1797 என்று தேதியிட்ட பதக்கம் ஒன்று ஜார்ஜ் வாஷிங்டனை நாடு முழுமைக்குமான கிராண்ட் மாஸ்டர் என்கிறது. அப்படியொரு பதவி இருந்ததே இல்லை. 1780இல் பென்சில்வேனியா லாட்ஜ் அவரை முன்மொழிந்தது, அதோடு சரி. இல்லாத பதவிக்குப் பதக்கம் கிடைத்தது; கையிலிருந்த சாசனத்துக்கு மதிப்புக் கிடைக்க இருநூறு வருஷம் ஆனது.

1959வாக்கில் 40 லட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்க மேசன்கள் இப்போது 10 லட்சத்துக்கும் கீழே. நாணயம் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. ராணுவப் பிரிவுகளின் ‘சேலஞ்ச் காயின்’ பாணியில் துத்தநாகக் கலவையை வார்த்து, எனாமல் வண்ணம் ஊற்றி, நூறு இருநூறு என்று ஆர்டரின் பேரில் செய்து தருகிறார்கள். நான் பார்த்த மாதிரிகளில் விளிம்புவரை எழுத்தும் சின்னமும் அடைந்துகிடக்கின்றன. பழைய பென்னியின் நடுவில் ஆளுக்கொரு குறி கொத்த விட்டிருந்த அந்த வெற்றிடம் அவற்றில் இல்லை.