துன்பத்தில் துணை நிற்கும் தத்துவம்

எபிக்டெட்டஸ் என்னும் ஞானியைப் பற்றி நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். வட்டகொடைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "சேர், இதைப் படித்தால் அம்மாவுக்கு விழுந்த அரைப்பேர் முழுப்பேர் ஆகுமா?" என்று கேட்டான். நாள் முழுதும் மழையில் நனைந்து பறித்த கொழுந்து நிறையில் குறைந்தமையால் அந்தத் தாய்க்குக் கிடைத்தது பாதிச் சம்பளமே. வகுப்பு அமைதியுற்றது. நாமும் உடனே விடை கூறவில்லை.

எபிக்டெட்டஸ் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். உரோமாபுரியில் அடிமையாய் இருந்தவர், கால் ஊனமுற்றவர். நம் வசத்தில் உள்ளவை சில, இல்லாதவை சில என்று பகுத்தறிவதே அமைதியின் முதற்படி என்றார். உடலும் உடைமையும் பிறர் மதிப்பும் நம் வசத்தில் இல்லை. நம் எண்ணமும் முயற்சியும் நம்முடையவை. சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியாரும், சாவும் மணமும் அடுத்தடுத்த வீடுகளில் நிகழும் உலகின் தன்மையை அறிந்து, அதனிடையே நல்லதைத் தேடும் வழியைக் காட்டினார்.

ஆயினும், இதனைத் "தலைவிதி" என்று பொருள்கொண்டு கைகட்டி இருத்தல் தகுமா? வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்க்கை இதற்கு விடை பகர்கின்றது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. சட்டத்தை மாற்றுவது அன்று அவர் ஒருவரின் வசத்தில் இல்லை. எழுதுகோல் அவர் வசத்தில் இருந்தது. தொழிற்சங்கப் பணியைக் கைவிடாமலே, கவிதையும் நாவலும் எழுதினார். லயங்களிலும் கொழுந்து மலைகளிலும் ஒலித்த பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

1964 உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா செல்ல நேர்ந்தது. எஞ்சி நின்றோர் ஓயாது போராடினர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே இங்கு எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமையின் கதவைத் திறந்தது. ஒருவர் வசத்தில் இல்லாதது, பலர் கூடிப் பல்லாண்டு முயன்றபோது அவர்கள் வசமாயிற்று.

மறு வகுப்பில் அம்மாணவனுக்கு நாம் கூறியது இதுவே: "தம்பி, தத்துவம் அரைப்பேரை முழுப்பேர் ஆக்காது. ஆனால், அரைப்பேர் அம்மாவின் குறையன்று என்பதை அது உனக்கு உணர்த்தும். இன்று ஆற்றக்கூடியது எது, பலரோடு சேர்ந்து மாற்றவேண்டியது எது என்று பிரித்துக் காட்டும். மனம் உடைந்தவனால் இவ்விரண்டில் ஒன்றும் இயலாது. உடையாமல் காப்பதே அதன் வேலை."

அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்னர், "அம்மாவிடம் சொல்கிறேன், சேர்" என்றான்.