கோவாவுக்குப் போனால் பீச் மட்டும்தானா? கடைசிக் கன்னியர் கண்மூடும் வரை காத்திருந்த சாந்தா மோனிகா மடத்தின் கதை!

கோடை விடுமுறை வந்தால் போதும், கோவையிலிருந்து கோவாவுக்கு ஒரு கூட்டமே கிளம்பும். போத்தனூர், மதுக்கரை தாண்டி பாலக்காடு கணவாய்க்குள் நுழையும் ரயில், கேரளக் கரையோரமாகப் போய் கொங்கன் பாதையில் மட்கானில் இறக்கிவிடும். இறங்கியதும் பெரும்பாலானோர் போவது கடற்கரைக்கு. மிஞ்சிய அரை நாளில் புனித சவேரியாரின் உடல் இருக்கும் பாம் ஜீசஸ் பசிலிக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அந்த பசிலிக்காவுக்குப் பக்கத்திலேயே, 'புனித மலை' என்று அழைக்கப்படும் மேட்டில் நிற்கிறது சாந்தா மோனிகா மடம். மூன்று அடுக்குக் கட்டடம். சாய்ந்துவிடாமல் இருக்க வெளிச்சுவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி பிரம்மாண்டமான தாங்கு சுவர்கள். ஆசியாவிலேயே கத்தோலிக்கப் பெண் துறவிகளுக்கென அமைந்த முதல் மடம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இதன் தேவாலயப் பகுதிதான் இன்று 'கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம்'.

தடுப்புக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

1606ல் கோவா பேராயராக இருந்த அலெய்ஷோ டி மெனெசெஸ் இந்த மடத்தைத் தொடங்கினார். கட்டி முடிக்க 1627 வரை ஆனது. முதலில் உள்ளே நுழைந்தவர்களில் முக்கியமானவர் பிலிப்பா என்ற விதவை. தன் மகளையும் அழைத்துக்கொண்டு துறவறம் பூண்டு, மடத்தின் தலைவியும் ஆனார்.

மடத்துக்குள் போனவர்கள் வெளியே வர முடியாது. பார்க்க வருகிற சொந்தபந்தங்களிடம்கூட கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் பேச வேண்டும். அவர்களுக்கு வெளியுலகம் என்றால், கட்டடத்தின் நடுவில் இருந்த முற்றத் தோட்டம்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லில்லிகளின் பள்ளத்தாக்கு'.

இதில் நமக்குப் பழக்கமான ஒரு விஷயமும் உண்டு. மடத்தில் சேரவும் சீதனம் கொண்டுவர வேண்டும்! பணக்கார விதவைகளும் வாரிசு மகள்களும் தங்கள் சொத்தோடு மடத்துக்குள் போனதால், ஊரின் செல்வமெல்லாம் அங்கே போய் முடங்குகிறது என்று கோவா நகரசபை போர்ச்சுகல் அரசருக்கே புகார் அனுப்பியது. கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது இன்னொரு புகார். உள்ளேயும் எல்லோரும் சமமில்லை. போர்ச்சுகீசிய வம்சத்தினர் கறுப்பு முக்காடு அணிந்த முழுத் துறவிகள். இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை முக்காடும் பணிவிடை வேலையும்தான்.

ஒருவர் பின் ஒருவராக...

1636ல் பெரும் தீ விபத்து. அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்து நின்றது மடம். தீயைத் தாங்கிய மடத்தை வீழ்த்தியது ஓர் அரசாணை.

1834ல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. ஆண் துறவிகள் உடனடியாக வெளியேற்றப்பட்டார்கள். பெண் துறவிகளை மட்டும் ஆயுள் முழுக்க இருந்துகொள்ள அனுமதித்தது. ஆனால், ஒரு நிபந்தனை: இனி புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

அதாவது, கதவைப் பூட்டவில்லை; காலம் பூட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுமார் 50 ஆண்டுகள். புதிய குரல் ஒன்றுகூட சேராத ஜெபக்கூட்டத்தில், ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு குரல் குறைந்துகொண்டே வந்தது. வெளியேயும் நிலைமை அதுதான். கொள்ளைநோய்களுக்குப் பயந்து மக்கள் காலிசெய்த பழைய கோவாவிலிருந்து 1843ல் தலைநகரமே பஞ்சிமுக்கு மாறியது. 1885ல் கடைசிக் கன்னியரும் கண்மூட, மடம் மூடப்பட்டது. பிறகு அதே கட்டடம் போர்ச்சுகீசிய ராணுவ முகாமானது!

கோவா விடுதலைக்குப் பிறகு, 1964ல் இங்கே கன்னியருக்கான இறையியல் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. காலியான மடத்துக்கு மறுபடியும் பெண்களே திரும்பி வந்தார்கள்.

வெள்ளிக் கூழைக்கடா

அருங்காட்சியகம் முதலில் தொடங்கியது இங்கே அல்ல. 1994ல் ராச்சோல் குருமடத்தில். பிறகுதான் சாந்தா மோனிகாவுக்கு இடம் மாறியது. நீண்ட புதுப்பிப்புப் பணிகளுக்குப் பின் 2022 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கே தவறவிடக் கூடாதது, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கூழைக்கடா. உக்கடம், சிங்காநல்லூர் குளங்களில் நாம் பார்க்கிறோமே, அதே பறவை இனம்தான். ஓர் உருண்டையின் மேல் நின்று, தன் நெஞ்சைத் தானே அலகால் கிழித்துக்கொள்கிறது. பசித்த குஞ்சுகளுக்குக் கூழைக்கடா தன் ரத்தத்தையே ஊட்டும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. அதனால் அது கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமானது. நற்கருணையை வைத்து வணங்குவதற்காகவே இதைச் செய்தார்கள்.

அடுத்து, தந்தத்தில் செதுக்கிய 'நல்ல மேய்ப்பன்'. பாறைக்குன்றின் மேல் குழந்தை இயேசு கன்னத்தில் கை வைத்துக் கண்மூடி அமர்ந்திருக்கிறார். பார்த்தவுடன் பலருக்கும் தியானத்தில் இருக்கும் புத்தர் ஞாபகம் வரும். காரணம், உளி பிடித்த கை இந்தியக் கை. இந்துக் கைவினைஞர்கள் கிறிஸ்தவப் பொருள்களைச் செய்யக் கூடாது என்று 1567லேயே கோவா திருச்சபை மன்றம் தடை போட்டது. தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அந்தக் கைகளை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதுதான் நிஜம்! அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

பக்கத்திலேயே ஒரு ராணியின் கதை

மடத்துக்கு எதிரே இருப்பது புனித அகுஸ்தீன் ஆலயத்தின் இடிபாடுகள். சுமார் 46 மீட்டர் உயரக் கோபுரத்தில் பாதிதான் மிச்சம். 1624ல் ஈரானின் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்ட ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தவானின் எலும்பு 2005ல் இங்கே கிடைத்தது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் செய்த மரபணு ஆய்வு அதை உறுதிசெய்ய உதவியது. 2021ல் அதன் ஒரு பகுதியை இந்தியா ஜார்ஜியாவுக்கு வழங்கியது.

சுவரையும் பாருங்கள்

சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலையும் பார்த்து வளர்ந்த மதுக்கரைக்காரர்களுக்கு, இங்கே சுவரும் ஒரு காட்சிப்பொருள்தான். சிமென்ட் என்ற பேச்சே இல்லாத காலத்தில், செம்புறாங்கல்லை அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டியது. செம்புறாங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். பூச்சு உதிர்ந்தால் கல் கரையத் தொடங்கும். அதனால்தான் கோவாவில் ஒவ்வொரு மழைக்காலமும் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு ஒரு பரீட்சை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* கர்மாலி ரயில் நிலையம் பழைய கோவாவுக்கு மிக அருகில். மட்கானில் இறங்கினால் சாலை வழியே ஏறக்குறைய ஒரு மணி நேரம்.
* கன்னியரின் கல்வி நிலையம் இயங்குவதால் மடம் முழுக்கச் சுற்ற முடியாது. அருங்காட்சியகத்துக்கு மட்டுமே அனுமதி.
* நுழைவு நேரம், கட்டணம், போட்டோ எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
* குழந்தைகளை அழைத்துப் போனால், கூழைக்கடா எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மற்ற பொருள்களையும் தானாகவே பார்த்துவிடுவார்கள்!